தேர்வறை வாசலில் நடக்கும் வேதியியல் வகுப்பு

(ராஜகீழ்ப்பாக்கத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில், முதுகலை வேதியியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேதியியல் தேர்வு முடிந்த பத்து நிமிடத்தில் நம் பள்ளி வாசலில் என்ன நடக்கிறது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வினாத்தாளில் பென்சிலால் குறித்து வைத்த விடைகளை ஆளுக்கு ஆள் ஒப்பிடுகிறார்கள். வேளச்சேரி சாலையில் பேருந்து வந்து நின்று போய்விடும், ஏறமாட்டார்கள். "ஏழாவது கேள்விக்கு நீ ஆ-வா, இ-யா?" என்று தொடங்கும். சிறிது நேரத்தில் ஒருவர் முகம் மலரும், இன்னொருவர் முகம் வாடும்.

"எழுதியாச்சு, வீட்டுக்குப் போங்கப்பா" என்று விரட்டுவது நம் வழக்கம். பொதுத்தேர்வு நாள்களில் அது சரிதான். அடுத்த தாள் காத்திருக்கும்போது, முடிந்துபோன தாளின் கணக்கைப் பார்த்து உறக்கம் கெடுப்பதில் பயனில்லை. ஆனால் அதைச் சொல்லும் நாமே வாசலில் வினாத்தாளை வாங்கிப் பார்த்து, "எழுபதுக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்கிறோமே! முதலில் நிறுத்தவேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

பிள்ளைகளின் பதற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பொறியியல் சேர்க்கைக்கான 200 மதிப்பெண் கணக்கில் வேதியியலுக்கு 50. நூற்றுக்கு வாங்குவது பாதியாகக் குறையும். ஆக, போன ஒரு மதிப்பெண் அங்கே அரை மதிப்பெண். அந்த அரைக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனாலும் வாசலில் போடும் கணக்கு பெரும்பாலும் தப்புக் கணக்கு. எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15 மட்டுமே. மீதி 55 மதிப்பெண்ணுக்கு விரித்து எழுதுகிறார்கள். கணக்கின் இறுதி விடை தவறினாலும் வாய்பாட்டுக்கும், மதிப்புகளைப் பிரதியிட்டதற்கும் மதிப்பெண் உண்டு. மாணவரோ விடை பொருந்தவில்லை என்றதும் மூன்று மதிப்பெண்ணும் போயிற்று என்று கழித்துவிடுகிறார். தேர்ச்சி பற்றியே அஞ்சும் பிள்ளைகளுக்கு எழுத்துத் தேர்வில் 15, மொத்தத்தில் 35 என்ற கணக்கை நாமே உட்கார்ந்து சொல்லவேண்டும். முடிவு வந்தபின் விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டல், மறுமதிப்பீடு கேட்கலாம், தவறினால் துணைத்தேர்வு உண்டு என்பதையும் மார்ச் மாதத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள். வாடிப்போய்ப் பேசாமல் நிற்கும் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். வீட்டுக்கு ஒரு தொலைபேசி போதும். 14417 என்ற பள்ளிக்கல்வித் துறை உதவி எண்ணை வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள்.

காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளின் கதை வேறு. அங்கே இந்த ஒப்பிடலை விரட்டக்கூடாது, வகுப்புக்குள் அழைத்து வரவேண்டும் என்பது என் கருத்து. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் இதையே ஒரு கற்பித்தல் முறையாக வளர்த்தார். மாணவர் முதலில் தனியாக விடை சொல்லவேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதிட வேண்டும். மறுபடி விடை சொல்லவேண்டும். நம் பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்தில் பாதியை ஏற்கெனவே செய்கிறார்கள். அங்கே குரல் பெரிதாக உள்ளவர் சொல்வதே விடையாகிவிடுகிறது என்பதுதான் குறை.

ஓர் அரையாண்டுத் தேர்வில் 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் கேட்டிருந்தோம். வாசலில் பெரும் சண்டை. எட்டு என்று ஒரு கூட்டம். வாய்பாடு அப்படித்தான் தருகிறது. "எட்டுன்னா காரம்டா, அமிலம் எப்படிக் காரமாகும்?" என்று ஒரு மாணவி மட்டும் விடவில்லை. ஆனால் சரியான விடை அவளிடமும் இல்லை.

மறுநாள் விடைத்தாளைத் தராமல் அந்தச் சண்டையை மட்டும் வகுப்பில் தொடரச் சொன்னேன். விடைத்தாளைக் கொடுத்துவிட்டால் பேச்சு மதிப்பெண்ணுக்குத் தாவிவிடும். இது என் அனுபவம். கால் மணி நேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து, "தண்ணியிலயே 10⁻⁷ இருக்கே சார்" என்று குரல் வந்தது. அதற்குப்பிறகு எனக்கு வேலை இல்லை. நீர் தரும் ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்துச் சமன்பாடு எழுதினார்கள், 6.98 வந்தது. எட்டு என்று அடித்துச் சொன்ன பையன்தான் கரும்பலகையில் போட்டான்.

போட்டு முடித்தவன் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கவில்லை. "அப்போ அமிலமும் 10⁻⁷ மோலார்னா, ஏழு வராதுல்ல சார்?" என்றான். மணி அடித்தும் யாரும் எழவில்லை. 6.79 வந்தபிறகுதான் இடைவேளைக்குப் போனார்கள்.