விழியின் நடையும் வாசிப்பின் வழியும்



ஒரு வரியைப் படிக்கையில் நம் கண் அதன்மீது இடையறாது ஊர்ந்து செல்வதாக எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. கண் தாவுகிறது; நிற்கிறது; மீண்டும் தாவுகிறது. 1879-ஆம் ஆண்டளவில் பாரிசில் எமில் ஜவால் என்னும் கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் இது கண்டறியப்பட்டது. ஒவ்வொரு நிற்பும் ஏறத்தாழக் கால் நொடி. எழுத்தை நாம் அறிவது கண் நிற்கும்போதுதான்.

விழித்திரையின் நடுவிலுள்ள சிறு பகுதியே நுண்ணிய எழுத்தைத் தெளிவாகக் காணும். விடியுமுன் பால்மரம் சீவச் சென்ற நம் முன்னோர் நெற்றியில் விளக்குக் கட்டியிருந்தனர். ஒளி விழுந்த இடம் துலங்கும். அடுத்த மரம் மங்கலாகத் தெரியும். அம்மங்கலே காலடிக்கு வழிகாட்டும். கண்ணும் அவ்வாறே. நடுப்பார்வை எழுத்தை அறிகிறது; ஓரப்பார்வை அடுத்த தாவலுக்கு இடம் காட்டுகிறது. எனவே, பார்வையின் எப்பகுதி குறைந்தது என்பதற்கேற்ப விழியின் நடையும் மாறும். மூவகையினரை ஒப்பிட்டுக் காண்போம்.

முதலாவது, நடுப்பார்வை இழந்தோர். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி சிதைவதும், நீரிழிவால் அது வீங்குவதும் இதற்குக் காரணங்கள். நேரே நோக்கினால் எழுத்து மறையும். ஆகவே இவர்களுள் பலர், தம்மை அறியாமலே, சற்று ஒதுங்கிய இடத்தால் பார்க்கப் பழகுகின்றனர். அவ்விடத்திற்குக் கூர்மை குறைவு. தாவல்கள் சிறுக்கின்றன, நிற்புகள் பெருகுகின்றன. பெரிய எழுத்து இவர்களுக்குத் துணைபுரியும்.

இரண்டாவது, ஓரப்பார்வை இழந்தோர். கண் அழுத்த நோய் முற்றினால், குழாய்வழிக் காண்பது போன்ற நிலை வரும். எழுத்து தெரியும், அடுத்த வரியின் தொடக்கம் தெரியாது. இவர்களுக்கு எழுத்தை அளவுமீறிப் பெருக்கினால் குறுகிய வட்டத்துள் சில எழுத்துகளே அடங்கும். வாசிப்பு மேலும் தளரும். விழியின் தாவலை ஆராய்ந்த ஜவாலே இந்நோயால் 1900-இல் பார்வையை முற்றும் இழந்தார். எனினும் சோர்ந்தாரல்லர், வாசிப்பின் உடலியலைப் பற்றிய தம் நூலை 1905-இல் வெளியிட்டார்.

மூன்றாவது, பக்கவாதம் போன்றவற்றால் இரு கண்களிலும் ஒரே பக்கப் பாதிப் பார்வையை இழந்தோர். இடப்பாதி போனவரின் விழி, வரித்தொடக்கத்தைத் தேடி அலையும். வலப்பாதி போனவரின் விழி, முன்னே இருப்பதை அறியாமல் சிறுசிறு தாவலாகத் தடுமாறும்.

தமிழ் வாசிப்பில் இதன் விளைவு பெரிது. நம் சொல்லின் பகுதி முன்னே நிற்கும். திணை, பால், வேற்றுமை யாவும் இறுதியில் வரும். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' என்பதில் 18 எழுத்துகள் உள்ளன. வலப்புறம் தெரியாதவர் 'வந்தாள்' என்பதை 'வந்தான்' எனப் படிக்க நேரலாம். 'கொடு' என்பதில் வலப்பக்கக் கால் தவறினால் 'கெடு'. இடப்பக்கக் கொம்பு தவறினால் 'காடு'. அது இலக்கணப் பிழையன்று; பார்வையின் பிழை.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 2019-ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வு ஆய்வில் மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு கண்ணையும் தாக்கும். சிலிபினிலும் ஈப்போவின் சுற்றுவட்டாரத்திலும் நாளேட்டை மடித்து வைத்துவிட்ட தாத்தா பாட்டியர் தமிழில் ஆர்வம் இழந்தவர் என்று நாம் முடிவுகட்டலாகாது. வகுப்பில் தடுமாறும் மாணவரையும் அவ்வாறே மந்தமானவர் எனத் தள்ளலாகாது.

ஆசிரியர்களே, பிழையைத் திருத்துமுன் அது விழும் இடத்தைக் கவனியுங்கள். வரித்தொடக்கத்திலா, சொல்லிறுதியிலா, எங்குமா? ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப விழுமாயின் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். இடப்புறம் தெரியாதவர்க்குப் பக்கத்தின் இட ஓரத்தில் செங்கோடு ஒன்று இழுத்துக் கொடுங்கள். வலப்புறம் தெரியாதவர் வரியின் முடிவில் விரலை வைத்து, அதனை நோக்கிப் படிக்கட்டும். வரியைத் தவறவிடுவோர்க்கு, ஒரு வரி மட்டும் தெரியுமாறு கீறிய கறுப்பு அட்டை உதவும். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

மாணவர்களே, இன்று மாலை வீட்டுப் பெரியவர் ஒருவரை நாளேட்டின் நான்கு வரிகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறார் என்று பொறுமையாகக் கேளுங்கள். மொழியைக் காப்பது புது நூல் எழுதுவதால் மட்டும் ஆவதன்று; படித்துவந்த ஒருவரைத் தொடர்ந்து படிக்கச் செய்வதும் மொழிப்பணியே.