தங்கால் பொற்கொல்லனாரும் தமிழ்க் கணிப்பொறியும்



திருத்தங்கலின் பழம்பெயர் தங்கால் என்பர். புறநானூற்றிலும் அகநானூற்றிலும் தங்கால் பொற்கொல்லனார் என்னும் பாவலர் பெயர் காணப்படுகின்றது. துருத்தி ஊதிப் பொன்னை உருக்கிய குடியிலிருந்து பாட்டுப் பிறந்திருக்கின்றது. கருவிக்கு ஒரு மொழி, பாட்டுக்கு வேறொரு மொழி என்று அந்தக் கொல்லர் வாழ்வை இரண்டாகப் பிளந்துகொள்ளவில்லை.

இன்று அதே ஊரில் நிலை என்ன? திருத்தங்கலும் சிவகாசியும் 2021-இல் ஒரே மாநகராட்சி ஆயின. நாட்காட்டியும் பட்டாசுப் பெட்டியின் மேலுறையும் அச்சாகும் இவ்வட்டாரத்தில் கணிப்பொறி இல்லாத அச்சகம் அரிது. ஆயினும் தமிழை அச்சேற்றும் அப்பொறி, தன்முன் அமரும் தமிழனிடம் ஆங்கிலத்திலேயே பேசுகின்றது. விண்டோசுக்கும் தமிழ்முகப்பு உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் அதில் ஒரு பிழைச்சொல்லைத் திருத்தி வெளியிடும் உரிமை விலைகொடுத்து வாங்கியவனுக்கு இல்லை.

இப்போது மற்றொரு நெருக்கடியும் சேர்ந்துள்ளது. விண்டோசு 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த காப்புத் திருத்தங்கள் 2025 அக்தோபர் 14-ஆம் நாளோடு நின்றன. அடுத்ததாகிய விண்டோசு 11, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. திரை உடையவில்லை, விசைப்பலகை தேயவில்லை, பொறி ஓடிக்கொண்டுதான் இருக்கின்றது. நுகத்தடி விற்றவன் வந்து, "இந்த மாடு என் புதிய நுகத்துக்குப் பொருந்தாது, வேறு மாடு வாங்கு" என்கிறான்! உழவன் மாட்டை விற்பானா, நுகத்தை மாற்றுவானா?

மாற்று நுகம் இருக்கின்றது. 1983-இல் அமெரிக்கரான ரிச்சர்டு சுடால்மன் தொடங்கிய குனு முயற்சியும், 1991-இல் பின்லாந்து மாணாக்கர் லினசு டோர்வால்சு எழுதிய கருவும் சேர்ந்தமைந்ததே இலினக்சு இயங்குதளம். எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி, பல நாடுகளில் வாழ்ந்த தமிழர் சிலர் ஊதியம் கருதாது இதன் கே.டி.இ. முகப்பைத் தமிழாக்கினர். சென்னைச் சி-டாக் நிறுவனம் பாசு என்னும் தளத்தைத் தெபியன் என்பதன் அடிப்படையில் உருவாக்கியது (பெயர் ஆங்கிலமாயிருப்பது உறுத்தத்தான் செய்கின்றது). 2013-இல் தமிழக அரசு தன் துறைகளை அதற்கு மாறுமாறு பணித்தது.

செய்முறை கடினமன்று. முதற்கண், பொறியிலுள்ள கோப்புகள் அனைத்தையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்கவேண்டும். இதில் சோம்பினோர் பின்னர் அழுவர். பொறி 64 நுண்மி வகையா என்று பார்க்கவேண்டும்; 2025-இல் வெளிவந்த தெபியன் 13-இல் 32 நுண்மிப் பொறிகளுக்கான நிறுவி இல்லை. பிறகு தெபியனை ஒரு விரலியில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஒலி கேட்கின்றதா, அச்சுப்பொறி இணைகின்றதா என்று தெளிந்தபின் நிறுவலாம். பழம்பொறிக்கு எக்சு.எப்.சி.இ. என்னும் எளிய முகப்பே ஏற்றது. மின்தடை வாராத நேரம் பார்த்துத் தொடங்குவது நன்று.

நிறுவியின் மொழிப்பட்டியலில் "தமிழ்" என்றே எழுதியிருக்கும். அதைத் தேர்ந்தால் அடுத்துவரும் வினாக்கள் தமிழில் வரும். தட்டச்சுக்குத் தமிழ் 99 விசைப்பலகை உண்டு. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற அமைப்பு அது. உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும் பெரும்பாலும் பகிர்ந்தமைந்தது. தொல்காப்பியம் கற்றவனுக்கு அது ஒரு நாளில் கைவரும்.

அச்சகத்தார்க்கு ஓர் எச்சரிக்கை. பக்கம் கோக்கும் பொறியில் உடனே கைவைக்க வேண்டா. பேச்மேக்கர், கோரல்டிரா முதலியவை இத்தளத்தில் நேராக ஓடா. பழைய கோப்புகளிலுள்ள தமிழும் ஒருங்குறிக்கு மாறாத எழுத்துருக்களில் உள்ளது. இசுகிரைபசு, இங்குசுகேப்பு என்னும் கருவிகள் உண்டெனினும் பழகக் காலம் பிடிக்கும். கணக்கும் மடலும் எழுதும் பொறியை முதலில் மாற்றுக. பள்ளிகளுக்கு இத்தடை இல்லை.

குறையே இல்லையா? உண்டு. தமிழ் முகப்பில் ஆங்காங்கே மொழிபெயராத ஆங்கிலம் பல்லிளிக்கும். கோப்புகளை அடுக்கும் இடத்துக்கு "அடைவு" என்ற நல்ல சொல் வழங்குகின்றது. மற்றோரிடத்தில் "மேல்மேசை" என்று வரும். மேசைமேல் இன்னொரு மேசையா என்று புலவர் நகைக்கின்றனர். போதாக்குறைக்கு மேசையே போர்த்துகீசியச் சொல்! நகைத்துவிட்டுப் போவோரே மிகுதி, திருத்தி அனுப்புவோர் குறைவு. அக்குறையை நீக்க நிரல் எழுதத் தெரியவேண்டுவதில்லை. ஒவ்வொரு முகப்புக்கும் தமிழாக்கக் குழு உண்டு. ஆங்கிலத் தொடரும் தமிழ்த் தொடரும் எதிரெதிரே நிற்கும் பட்டியலில் நல்ல சொல்லை எழுதி அனுப்பவேண்டும். குழு ஏற்றால், திருத்தங்கலில் எழுதிய அச்சொல் வரும் பதிப்பில் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் தமிழ்த் திரைகளில் தோன்றும்.