எங்களைக் கேட்டால் சொல்வோம்

1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை 2019இல் திருத்தினார்கள். ஆணையத் தலைவரின் பதவிக்காலம் ஐந்தாண்டிலிருந்து மூன்றாண்டானது. ஓராண்டுக் கெடு மட்டும் அப்படியே நிற்கிறது: சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் விசாரிக்கக் கூடாது. மலக்குழியில் கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு, காவல் நிலையம், ஒப்பந்ததாரர், தாசில்தார் அலுவலகம் என்று அலைவதிலேயே அந்த ஓராண்டு தீர்ந்துபோகும். புகார் எழுதித் தர ஆள் கிடைப்பது தனிக் கதை.

சட்ட வரைவை முப்பது நாளாவது மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்பது 2014இல் ஒன்றிய அரசே வகுத்த கொள்கை. இணையத்தில் ஆங்கிலத்தில் வைத்தால் கள்ளிக்குப்பத்துக்கு எப்படித் தெரியும்? வேலை முடிந்து வரும் நேரத்தில், இங்கே, தமிழில் கேளுங்கள். முதலில் அந்தக் கெடுவை நீக்கச் சொல்வோம். மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்தது. அதைச் சட்டத்திலேயே எழுதச் சொல்வோம்.