குடலில் குடியிருப்போரும் கல்லீரலும்



நம் பெருங்குடலில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றிற்கு நாம் இடும் உணவைப் பொறுத்து நம் கல்லீரலின் நலமும் ஓரளவு அமைகிறது. குடலுக்கும் கல்லீரலுக்கும் உள்ள இத்தொடர்பு யாது என்பதை இன்று காண்போம்.

கல்லீரலில் சிறிது கொழுப்பு இருத்தல் இயல்பே. அது 5 விழுக்காட்டிற்கு மேற்படுமாயின் அதனைக் கொழுப்புக் கல்லீரல் என்பர். மது அருந்துவோர்க்கே இது வரும் எனப் பலர் எண்ணுகின்றனர். மதுவைத் தொட்டும் அறியாதவர்க்கும் வருகிறது. மிகுதியான சர்க்கரையும், உடலுழைப்பின்மையும், பருமனும் இதற்கு வழி செய்கின்றன. சென்னையில் 541 பேரை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வொன்றில், 32 விழுக்காட்டினர்க்கு மதுவால் வாராத இந்நோய் இருந்தது. நடுவண் அரசும் 2021இல் இதனைத் தன் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்திற் சேர்த்துக்கொண்டது.

இந்நோயின் கொடுமை அதன் மௌனமே. தொடக்கத்தில் வலியில்லை, காய்ச்சலில்லை. கவனியாது விடின் சிலர்க்கு அழற்சி தோன்றி, தழும்பு படர்ந்து, கல்லீரல் சுருங்கிப்போகும். ஆயினும் தொடக்கத்திலேயே உணவையும் உழைப்பையும் சீர்செய்தால் சேர்ந்த கொழுப்பு கரையும். கல்லீரல் பழைய நிலையை அடையக்கூடும்.

குடலுக்கு இதில் என்ன வேலை? கல்லீரலுக்குச் செல்லும் குருதியில் ஏறக்குறைய முக்காற் பங்கு, குடல் முதலிய செரிமான உறுப்புகளிலிருந்தே போர்ட்டல் சிரை வழியாகச் செல்கிறது. ஆதலின் குடலில் விளையும் நன்மையும் தீமையும் முதலில் கல்லீரலின் வாயிலையே தட்டுகின்றன.

நாம் உண்ணும் நார்ப்பொருளை நம் செரிமான நீர்களால் கரைக்க இயலாது. அது சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கவைத்து அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களை ஆக்குகின்றன. பியூட்டிரிக் அமிலம் பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்கே உணவாகிறது. சுவர் உறுதியாக இருப்பின் நச்சுப்பொருள்கள் கசிந்து கல்லீரலை அடைதல் குறையும். இவ்வாறு நல்ல நுண்ணுயிர்களை வளர்க்கும் உணவுக்கு, 1995இல் கிப்சன், ராபர்ஃப்ராய்டு என்னும் அறிஞர் இருவர் 'பிரிபயாட்டிக்' எனப் பெயரிட்டனர். தயிரில் இருப்பவை நுண்ணுயிர்களே. பிரிபயாட்டிக் என்பது அவற்றிற்கு நாம் இடும் இரை.

2023இல் சீன அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வில், எளிதிற் செரியாத மாவுப்பொருளை நான்கு மாதம் உண்ட நோயாளர்க்குக் கல்லீரற் கொழுப்பு குறைந்தது. 2025இல் கலிபோர்னியாவிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, இனுலின் என்னும் நார்ப்பொருளை உண்ட எலிகளின் குடல் நுண்ணுயிர்கள் பிரக்டோஸ் என்னும் சர்க்கரையைக் கல்லீரலை எட்டுமுன்னரே உண்டுவிடுவதைக் காட்டியது. எலியிடம் கண்டது அனைத்தும் மனிதர்க்குப் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. ஆயினும் வழி தெரிகிறது.

இவற்றைத் தேடி நாம் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. என் ஊராகிய நேமத்தான்பட்டியிலும் அதைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களிலும் உழைப்பாளர் உண்ட காலை உணவு யாது? பழைய சோறும் சின்ன வெங்காயமும். அல்லது கேப்பைக் கூழ். சோறு ஆறும்போது அதன் மாவிற் சிறு பங்கு எளிதிற் செரியாததாக மாறுகிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் இனுலின் இனத்து நார்ப்பொருள் உண்டு. மொச்சை, தட்டைப்பயறு, வாழைக்காய் ஆகியனவும் குடலின் குடிகளுக்கு நல்விருந்தே.

முன்னோர் உண்டன யாவும் நன்றெனவும் சொல்ல மாட்டேன். கவுனி அரிசியின் நார்ச்சத்தைப் புகழ்ந்துகொண்டே அதிற் கொட்டும் சர்க்கரையை மறத்தல் தகாது. எண்ணெயிற் பொரித்த கந்தரப்பம் விருந்து நாளுக்கு உரியது, நாள்தோறும் உண்பதற்கன்று.

2,000 கலோரி உணவிற்கு ஏறக்குறைய 30 கிராம் நார்ப்பொருள் வேண்டும் என்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்த அளவு. அதனை ஒரே நாளில் எட்ட முயன்றால் வயிறு உப்பும். சிறிது சிறிதாகக் கூட்டுக. நோயுற்றோர் மருத்துவரின் சொற்படி நடக்க.

மாணவர்களே! குளிர்பானப் புட்டிக்குக் கை நீளும்போது உங்கள் கல்லீரலை நினையுங்கள். அது வாய் திறந்து முறையிடாது. முறையிடும் நாள் வருமுன்னரே அதன் குறையைத் தீர்ப்பதே அறிவுடைமை.