ஆளில்லாத நீதிமன்றமும் எங்கட ஆட்களும்

(எமது மாதாந்தக் கூட்டத்தில் ஒரு தோழர் ஆற்றிய உரை. பேச்சு நடையை ஓரளவுக்கு அப்படியே விட்டிருக்கிறோம்.)



இண்டைக்கு நான் எடுத்திருக்கிறது கொஞ்சம் சலிப்பான விசயம். குடிவரவுத் தீர்ப்பாயம் எண்டால் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அநேகமாக ஒவ்வொரு குடும்பத்திலும் அதுக்கு அலைஞ்ச ஒராள் இருப்பார். ஆனால் கவுண்டி கோர்ட்? அதில எங்களுக்கு என்ன வேலை எண்டு நினைக்கிறம். வீட்டுக்காரர் திருப்பித் தராத முற்பணம், முதலாளி தராத சம்பளம், பார்க்கிங் தண்டம், கடன் அட்டைப் பாக்கி, வீட்டை விட்டு எழுப்புற வழக்கு எல்லாம் இங்கிலாந்திலும் வேல்சிலும் கடைசியில் இந்த சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போகுது. வருசத்துக்கு 15 இலட்சத்துக்கு மேற்பட்ட வழக்குகள் பதியப்படுகின்றன.

2025 யூலையில் பாராளுமன்றத்தின் நீதிக் குழு கவுண்டி நீதிமன்றம் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. ஒழுங்காக இயங்காத ஒரு நிறுவனம் என்பதுதான் அதன் முடிவு. சொன்னது எங்களைப் போன்ற ஆட்கள் இல்லை. பல கட்சி எம்.பி.க்களும் இருந்த குழு. சிறு தொகை வழக்கு ஒன்று, அதாவது 10,000 பவுணுக்கு உட்பட்டது, விசாரணைக்கு வர சராசரியாக ஏறத்தாழ 50 வாரம் எடுக்குது. கொவிட்டுக்கு முந்தி 40 வாரத்துக்கும் குறைவு. அதுவே நீண்ட காலம்தான்.

ஏன் இப்படி? 2010க்கும் 2019க்கும் இடையில் 240 கவுண்டி நீதிமன்றங்களில் 90 மூடப்பட்டன. சிக்கனம் எண்ட பேரில் நடந்தது. தென் லண்டன் ஆட்களுக்குப் பழக்கமான லாம்பெத் நீதிமன்றமும் அதில் போனது. மிஞ்சின கட்டடங்களுக்கு வழக்குகள் குவிஞ்சன, ஆட்கள் கூடவில்லை. மாவட்ட நீதிபதி பதவிகளுக்கு விளம்பரம் போட்டும் இடங்களை முழுதாக நிரப்ப முடியாத நிலை பல வருசமாக இருக்குது. லண்டனிலும் தென்கிழக்கிலும் அது இன்னும் மோசம். அலுவலகத்தில் குறைந்த சம்பளம், அதனால் ஆட்கள் நிண்டு பிடிக்கிறதில்லை. புதுசா வாறவருக்குப் பழக்கிவிட அனுபவமுள்ள ஒருவர் இல்லை. 2016இல் தொடங்கின நீதிமன்றச் சீர்திருத்தத்துக்கு 100 கோடி பவுணுக்கு மேல் செலவழிச்சும், சிவில் பக்கத்தில் நிறைய வேலை இன்னும் கடதாசிக் கோப்பிலதான் நடக்குது. கோப்பு ஒரு ஊரில், நீதிபதி இன்னொரு ஊரில். போன் எடுத்தால் வரிசை. மின்னஞ்சல் போட்டால் "கிடைச்சது" எண்டு தானியங்கிப் பதில்.

சரி, தாமதம் எல்லாருக்கும் பொதுவானதுதானே எண்டு கேட்கலாம். இல்லை.

ஒரு உதாரணம் எடுப்பம். உணவகக் குசினியில் வேலை செய்யிற ஒருவருக்கு 4,200 பவுண் சம்பளப் பாக்கி எண்டு வைச்சுக்கொள்ளுவம். தொழில் தீர்ப்பாயத்துக்குப் போக இதுவரை இருந்த கால எல்லை மூன்று மாதம். "தாறன் தம்பி, அடுத்த கிழமை" எண்டு முதலாளி சொல்லிச் சொல்லியே அந்த மூன்று மாதம் போயிடும். பிறகு மிஞ்சுறது கவுண்டி கோர்ட். அங்க ஆறு வருச அவகாசம் இருக்கு. வழக்குப் பதிய 205 பவுண், விசாரணைக் கட்டணம் வேற. பிறகு ஒரு வருசக் காத்திருப்பு. அதுக்குள்ள கம்பனியை மூடிட்டு அதே கடையை வேற பேரில திறக்க எவ்வளவு நேரம் வேணும்? இது முதலாளிக்கும் தெரியும். அதனாலதான் "வேணுமெண்டால் கோர்ட்டுக்குப் போ" எண்டு துணிஞ்சு சொல்லுறார்.

இப்ப மற்றப் பக்கம் பாருங்கோ. அதே நீதிமன்றத்தில் வேகமாக ஓடுற ஒரு பாதையும் இருக்கு. கடன்களை மலிவு விலைக்கு வாங்கி வசூலிக்கிற கம்பனிகள், பார்க்கிங் கம்பனிகள் போன்றவை கணினி வழியாக ஆயிரக்கணக்கில் வழக்குப் போடுகின்றன. 14 நாளுக்குள் பதில் வராவிட்டால் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு. கவுண்டி நீதிமன்றத் தீர்ப்புகளில் மிகப் பெரும்பான்மை இப்படி எதிர்ப்பில்லாமல் கிடைச்சவைதான். கடிதம் கடைசியாகத் தெரிஞ்ச விலாசத்துக்குப் போகும். எங்கட பெடியள் எத்தனை பேர் வருசத்துக்கு இரண்டு அறை மாறியிருப்பினம்? கடிதம் பழைய வீட்டு வாசலில் கிடக்கும். ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டாவிட்டால் அந்தத் தீர்ப்பு ஆறு வருசம் பேரில நிற்கும். அறை வாடகைக்கு எடுக்கவே கரைச்சல். அதை நீக்கச் சொல்லி விண்ணப்பிச்சால், அந்த விண்ணப்பம் மற்ற வரிசையில், நீளமான வரிசையில் போய் நிற்கும்.

ஆகவே ஆள்குறைவு எல்லாரையும் ஒரே மாதிரிப் பாதிக்கிறதில்லை. எதிர்த்து நிற்கிறவரின் வழக்குக்குத்தான் நீதிபதி வேணும், எழுதுவினைஞர் வேணும். எதிர்ப்பில்லாத வழக்குக்கு இயந்திரமே போதும்.

இதுக்குள் அரசியலும் இருக்கு. காரணம் சொல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற இடம் கொடுத்த செக்சன் 21ஐ ஒழிப்பதாக 2019இலேயே வாக்குறுதி தந்தார்கள். 2023 ஒக்டோபரில் அப்போதைய பழமைவாத அரசாங்கம், முதலில் நீதிமன்றங்கள் சீராகட்டும் என்று அதைத் தள்ளிப் போட்டது. நீதிமன்றத்தைப் பட்டினி போட்டதும் அவர்கள்தான், அந்தப் பட்டினியைக் காட்டி வாடகையாளர் உரிமையைத் தள்ளிப் போட்டதும் அவர்கள்தான். 2025இல் சட்டம் நிறைவேறி, 2026 மே 1 உடன் செக்சன் 21 முடிவுக்கு வருது. நல்ல வெற்றி. ஆனால் இதுவரை விசாரணை இல்லாமல் கடதாசியில் முடிஞ்ச வழக்குகளும் இனி காரணம் காட்டி நீதிபதி முன் வரவேணும். அதே கட்டடம், அதே ஆட்கள். "பாருங்கோ, சட்டம் வேலை செய்யுதில்லை" எண்டு வீட்டுக்காரர் சங்கங்கள் சொல்லுற நாளுக்கு நாங்கள் இப்பவே பதில் வைச்சிருக்க வேணும்.

ஒரு விசயத்தில் கவனம் தேவை. கோர்ட் கவுண்டரில் எங்கட அம்மாவுக்கு எரிஞ்சு விழுகிற அந்தப் பெண் எங்கட எதிரி இல்லை. மூன்று பேரின்ர வேலையை அவ ஒராள் செய்யிறா. நீதிமன்ற ஊழியர்கள் பலர் பி.சி.எஸ். சங்கத்தில் இருக்கினம். அவர்கள் வேலைநிறுத்தம் செய்தால், வழக்கு இன்னும் பிந்துதே எண்டு புறுபுறுக்காமல் மறியல் வரிசைக்குத் தேத்தண்ணி கொண்டுபோற பக்கத்தில் நாங்கள் நிற்கவேணும்.

அப்ப என்ன செய்யலாம்?

முதலாவது, கடிதம். எங்கட ஆட்கள் வீடு மாறினால் வங்கிக்கும் கடன் கொடுத்தவருக்கும் புது விலாசம் அறிவிக்கச் சொல்லுங்கோ. கோர்ட் கடிதம் வந்தால், கிடைத்ததாக ஒப்புக்கொண்டு படிவத்தை அனுப்பினாலே அவகாசம் 14 நாளிலிருந்து 28 நாளாகும்.

இரண்டாவது, கூடப் போறது. 2013 ஏப்ரலில் கடன், தொழில், பெரும்பாலான வீட்டுப் பிரச்சினைகளுக்கு அரச சட்ட உதவி வெட்டப்பட்டது. ஆனால் 'மக்கென்சி நண்பர்' எண்டு ஒருவர் பக்கத்தில் இருந்து குறிப்பெடுக்கலாம், மெதுவாக ஆலோசனை சொல்லலாம். சிறு தொகை வழக்கில், வழக்காளியும் வந்திருந்தால் அவருக்காகக் கதைக்கவே செய்யலாம். சட்டப் பட்டம் தேவையில்லை. ஆங்கிலமும் பொறுமையும் உள்ள 20 பேர் இந்த அறைக்குள்ளேயே இருக்கிறம்.

மூன்றாவது, வீடு இழக்கிற வழக்கில், விசாரணை நாளன்று நீதிமன்றத்திலேயே இலவசமாக ஒரு சட்ட ஆலோசகர் கிடைப்பார். 2023 ஓகஸ்டில் தொடங்கின திட்டம், வருமானம் பார்க்கிறதில்லை. இது தெரியாமலே "போய் என்ன பிரயோசனம்" எண்டு வீட்டில இருந்திடுறவை நிறையப் பேர். இதைத் தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமாக அடிச்சு கடைகளிலும் கோயில்களிலும் வைப்பம்.

நான்காவது, எம்.பி.யிட்ட கேட்கிறது. விசா பற்றி எழுதிற நாங்கள் இதைப் பற்றியும் எழுதுவம்: எங்கட நீதிமன்றத்தில் எத்தனை பணியிடம் வெறுமையாக இருக்கு, எப்ப நிரப்புவீங்கள், என்ன சம்பளத்துக்கு?

துண்டுப்பிரசுர வேலைக்கும் கூடப் போறதுக்கும் பேர் எழுதுற தாள் வாசலில இருக்கு. சனிக்கிழமையில் ஒரு மணித்தியாலம் தந்தாலும் போதும். இனிக் கேள்விகளுக்கு வருவம்.