கட்சியா, வேட்பாளரா?



தேர்தல் வரும்போதெல்லாம் பழைய வினா ஒன்று புதிதாக எழுகின்றது. வாக்கைக் கட்சிக்கு அளிப்பதா, நிற்கும் ஆளுக்கு அளிப்பதா என்பதே அது. கட்சி எதுவாயினும் ஆகுக, நல்லவரைத் தேர்ந்தெடுப்பதே முறை என்பர் ஒரு சாரார். தனி மனிதரின் நற்குணம் சபையில் தனியே நின்று என்ன செய்துவிடும், ஆட்சி நடத்துவது கட்சியன்றோ என்பர் மற்றொரு சாரார். கொல்கத்தாவின் தென்பகுதியில் லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் தமிழரிடையேயும் இவ்வழக்கு உண்டு. காப்பிப் பொடிக்கும் வாழை இலைக்கும் வந்தவர்கள் தேர்தல் காலத்தில் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு இதைப் பற்றி நெடுநேரம் நின்று பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்கு இவ்வினா சற்றுக் கூர்மையானது. தமிழ்நாட்டில் பலருக்குக் கட்சி என்பது தந்தை வழியில் வந்த சொத்தைப் போன்றது. இன்ன குடும்பம் இன்ன சின்னத்துக்கே போடும் என்று ஊரே அறிந்திருக்கும். ஆனால் ராஷ்பிஹாரி சட்டசபைத் தொகுதியில் வாக்களிக்கச் செல்பவர் எதிரே உதயசூரியனும் இல்லை, இரட்டை இலையும் இல்லை. அங்கே இருப்பவை புல்லும் இரு மலரும், தாமரை, அரிவாள் சுத்தியல் நட்சத்திரம், கை ஆகியவை. இவற்றுள் சில ஊரிலும் கண்டவைதாம்; எனினும் இங்கே அவற்றின் வரலாறு வேறு, பகை வேறு, நட்பு வேறு. ஆகவே பழக்கத்தைத் துணைகொள்ள வழியின்றி, முதலிலிருந்து சிந்திக்க வேண்டியவராகிறார் அவர். இதைச் சுமை எனலாம். ஊரில் உள்ளவருக்கு எளிதில் வாய்க்காத வசதி என்றும் எண்ணலாம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, சொற்களிலிருந்து தொடங்குவது வழக்கம். தேர்தலில் நிற்பவரை முன்பெல்லாம் அபேட்சகர் என்றோம்; இப்பொழுது வேட்பாளர் என்கிறோம். இரண்டுக்கும் விரும்பி வேண்டுபவர் என்பதே பொருள். வங்காளியர் வழங்கும் 'பிரார்த்தி' என்ற சொல்லும் அதுவே. கட்சி என்ற சொல்லோ நம்மிடையே நியாயஸ்தலத்திலும் வழங்குவது. அங்கே கட்சிக்காரர் என்றால் வழக்கறிஞரை அமர்த்துபவர். வழக்கறிஞர் பேசுவார், வழக்கோ கட்சிக்காரருடையது. அரசியலில் மட்டும் இந்த முறை தலைகீழாகிவிட்டது. தம் வழக்கைப் பேச ஒருவரை அமர்த்த வேண்டிய வாக்காளரே, பிறருடைய வழக்குக்காகக் கொடி பிடிக்கிறார்.

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தில் அரசியல் கட்சி என்ற பேச்சே இல்லை. 1985ஆம் ஆண்டின் 52ஆவது திருத்தத்தின் வழியாகவே, கட்சித்தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையோடு அச்சொல் உள்ளே நுழைந்தது. இன்றும் வாக்குப்பதிவு இயந்திரத்தில் கட்சியின் பெயர் காணப்படுவதில்லை. வேட்பாளரின் பெயரும், 2015 முதல் அவரது புகைப்படமும், சின்னமுமே அங்கு உள்ளன. சட்டத்தின் எழுத்துப்படி நாம் தேர்ந்தெடுப்பது ஓர் ஆளைத்தான். ஆயினும் நம் விரல் தேடிச் செல்வது சின்னத்தை. 1951-52ஆம் ஆண்டுகளில், சுகுமார் சென் என்ற வங்காளப் பெரியார் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து முதல் பொதுத்தேர்தலை நடத்தியபோது, எழுத்தறியாத கோடிக்கணக்கானோரின் பொருட்டு ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டது. எழுத்துக்கு மாற்றாக வந்த அந்தச் சின்னம், நாளடைவில் ஆளுக்கும் மாற்றாகிவிட்டது.

இவ்வழக்குக்குத் தெற்குக் கல்கத்தாவே ஒரு சான்று தருகின்றது. 1951 அக்டோபரில் தோன்றிய பாரதீய ஜனசங்கம் முதல் மக்களவையில் நாடு முழுவதிலும் மூன்றே இடங்களைப் பெற்றது. அவற்றுள் ஒன்று கல்கத்தா தென்கிழக்குத் தொகுதி. அங்கே வென்றவர், அக்கட்சியின் நிறுவனரும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தருமான டாக்டர் சியாமா பிரசாத் முகர்ஜி. 1953 ஜூன் 23 அன்று அவர் காலமானார். தொடர்ந்து வந்த இடைத்தேர்தலில் அதே தொகுதி தேர்ந்தெடுத்தது கம்யூனிஸ்ட் கட்சியின் சாதன் குப்தாவை. அவர் கண்பார்வையற்ற வழக்கறிஞர். பின்னாளில் மேற்கு வங்கத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் விளங்கியவர். இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே தொகுதி வடதுருவத்திலிருந்து தென்துருவத்துக்குச் சென்றதைக் கட்சி விசுவாசம் என்று விளக்க இயலுமோ? ஆளைப் பார்த்து வாக்களித்தவர் பலர் இருந்திருத்தல் வேண்டும். ஆயினும் அந்த ஆண்டில்தான் டிராம் கட்டண உயர்வை எதிர்த்துக் கல்கத்தாவில் பெருங்கிளர்ச்சி நடந்தது என்பதையும் மறத்தலாகாது. ஆளுடன் காலமும் சேர்ந்தே தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் திரு. காமராஜரின் வாழ்க்கை இவ்வினாவின் இரு பக்கங்களையும் காட்டுகின்றது. 1954ஆம் ஆண்டில் முதல் மந்திரியான பின் அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். காங்கிரஸைக் கடுமையாக எதிர்த்துவந்த பெரியாரும் அண்ணாவும் கட்சியை ஒதுக்கிவைத்து அவரை ஆதரித்தனர், அவர் வென்றார். 1967இல் அவருடைய சொந்த ஊராகிய விருதுநகரில், மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். இடைப்பட்ட காலத்தில் காமராஜரின் நேர்மை குறைந்துவிட்டது என்று அவருடைய எதிரிகளும் சொல்லவில்லை. அரிசிப் பஞ்சமும், 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும் ஆளும் கட்சியின்மீது மூட்டிய சினம் ஆளைப் பொருட்படுத்தவில்லை. அந்த வாக்காளர் செய்தது பிழை என்று சொல்லிவிடவும் இயலாது. ஓர் ஆட்சியை மாற்ற விரும்புகிறவருக்கு, அவ்வாட்சியின் கட்சிக்கு எதிராக வாக்களிப்பதைத் தவிர வேறு கருவி இல்லை.

ஆளை மட்டும் பார்த்து வாக்களிப்பதிலும் இடர் உண்டு. 1967ஆம் ஆண்டில் ஹரியானாவில் சுயேச்சையாக வென்ற கயா லால் சில நாட்களுக்குள் பல முறை அணி மாறியதால், கட்சித்தாவலுக்கே அவர் பெயர் வழங்கலாயிற்று. அந்நோய்க்கு மருந்தாக வந்ததே 1985ஆம் ஆண்டின் சட்டம். ஆனால் மருந்து கடுமையானது. கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினர் தம் பதவியையே இழக்க நேரிடும். ஆகவே, நல்லவர் என்று கருதி நாம் அனுப்புபவரும், மசோதா வாக்கெடுப்புக்கு வரும்போது கட்சி சொன்ன பக்கமே கை உயர்த்துவார். சுயேச்சைகளின் நிலையும் மெலிந்துவிட்டது. 1957இல் மக்களவையில் 42 பேராக இருந்த அவர்கள் 2019இல் நால்வர், 2024இல் எழுவர்.

அங்ஙனமாயின் ஆளின் தகுதி வீணோ? அன்று. வாக்கெடுப்பு சபையின் வேலைகளுள் ஒன்றே. கேள்வி கேட்பதும், நிலைக்குழுவில் கணக்கை ஆராய்வதும், தொகுதி நிதியை எங்கே செலவிடுவது என்று பரிந்துரைப்பதும், தனிநபர் மசோதா கொணர்வதும் உறுப்பினரின் உழைப்பைப் பொறுத்தவை. திருநங்கையர் உள்ளிட்டோரின் உரிமைகளுக்காகத் திரு. திருச்சி சிவா கொணர்ந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. பல்லாண்டுகளுக்குப் பின் ஒரு சபை ஏற்ற தனிநபர் மசோதா அது.

பிற நாடுகள் இச்சிக்கலை வெவ்வேறு வழிகளில் அவிழ்க்க முயன்றுள்ளன. ஜெர்மனியில் வாக்காளருக்கு இரண்டு வாக்குகள்: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. இலங்கையில் பாராளுமன்றத் தேர்தலின்போது, முதலில் கட்சியைக் குறித்து, பின் அக்கட்சியின் பட்டியலிலேயே மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். நமக்கோ ஒரே வாக்கு. இரு வினாக்களுக்கும் அதைக்கொண்டே விடை சொல்லியாக வேண்டும்.

நம் கருத்து யாதெனில், எந்தச் சபைக்கான தேர்தல் என்பதை முதலில் கேட்க வேண்டும். கொல்கத்தா மாநகராட்சியின் 144 வார்டுகளுள் ஒன்றுக்கு வாக்களிக்கும்போது, தெருவில் நீர் தேங்கினால் வந்து நிற்பவர் யார் என்பதே பெரிது. அங்கே ஆளுக்கு முதலிடம் தருக. சட்டசபைக்கும் மக்களவைக்கும் வாக்களிக்கும்போது, யார் ஆள வேண்டும், எந்தக் கொள்கையோடு ஆள வேண்டும் என்பது பெரிது. அங்கே கட்சியை முதலில் எடைபோடுக. ஆயினும் அங்கும் ஓர் எல்லைக்கோடு வேண்டும். வேட்பாளரைப் பொறுக்கி நிறுத்துவது கட்சிதான். குற்ற வழக்குள்ளவரை நிறுத்தினால் அதற்குரிய காரணத்தைக் கட்சி வெளியிட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது இதனாலேயே. லேக் மார்க்கெட்டில் கடையின் பெயரை நம்பிக் காப்பிப் பொடி வாங்குவதில் தவறில்லை. பலமுறை சோதித்த பிறகே அந்த நம்பிக்கை பிறந்திருக்கும். ஆனால் பொட்டலத்தைப் பிரித்ததும் வேறு வாடை வருமாயின், பெயருக்காக அதையே மீண்டும் வாங்குபவர் கடைக்கும் நன்மை செய்பவர் அல்லர். தகாதவரை நிறுத்திய கட்சிக்கு ஒருமுறை வாக்கை மறுப்பது, அக்கட்சியைத் திருத்தும் வழியே ஆகும்.

இவ்விரண்டையும் தவிர மூன்றாவதாக ஒரு மயக்கம் வெளிமாநிலத் தமிழருக்கு உண்டு. நம் சங்கத்து விழாவுக்கு வந்து வணக்கம் என்று ஒரு சொல் தமிழில் சொன்னவர் நம்மவராகிவிடுகிறார். இப்பகுதித் தமிழர் வாக்கு முழுவதும் என் பையில் என்று சொல்லித் திரியும் இடைத்தரகரும் தோன்றுகிறார். வணக்கத்துக்கு மறுவணக்கம் சொல்வது பண்பு. அதற்கு விலையாக வாக்கைத் தருவது அன்று. பக்கத்து வீட்டு வங்காளியருக்கும் நமக்கும் ஒரே குழாயில் வரும் தண்ணீருக்கு, தனித்தனி நம்மவர் எதற்கு?

வேண்டுவன சிலவே. வேலை மாறி வந்தவர்கள், இப்பொழுது வசிக்கும் இடத்தில் பெயர் பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். ஊரிலும் இங்குமாக இரு பட்டியலில் பெயர் இருத்தல் சட்டத்துக்குப் பொருந்தாது. வேட்பாளரின் சொத்து, கல்வி, அவர்மீதுள்ள வழக்குகள் ஆகியவற்றைக் கூறும் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றது. அதைப் படிக்க வேண்டும். வங்க மொழிச் செய்தித்தாள் படிக்க வராதவர்கள், படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கேட்டேனும் கட்சிகளின் அறிக்கைகளை அறிதல் நன்று. எவரும் ஏற்புடையர் அல்லர் எனில், 2013ஆம் ஆண்டின் தீர்ப்பால் வந்த 'மேற்கண்ட எவருமிலர்' என்ற பொத்தானும் உண்டு. வீட்டில் இருந்துவிடுவதைக் காட்டிலும் அது மேல்.

வள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயர் வைத்தார். முதலில் ஆராய்தல், பின்னரே நம்புதல் என்பது அதன் முறை. கட்சியை நம்புவோரும் ஆளை நம்புவோரும் அந்த வரிசையை மாற்றாதிருப்பார்களாயின், அவர்கள் வாக்கு எந்தச் சின்னத்துக்குச் சென்றாலும் அது அவர்களுடைய வாக்காகவே இருக்கும்.