இன்டர்ன்ஷிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது?

(நம் சங்கத்தின் ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாகப் பேசியதன் எழுத்து வடிவம்)



கன்சல்டிங் இன்டர்ன்ஷிப் பற்றிப் பேச, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நம் குடியிருப்பில் பி.காம். படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் தேய்மானம், பங்கு வெளியீடு என்று சந்தேகம் கேட்டார்கள். இரண்டு வருஷமாக, "அங்கிள், எப்ப அப்ளை பண்ணணும்?" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து நிறுவனங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களைப் படித்தேன். வேலைக்குப் போய்விட்ட மூத்த மாணவர்களிடமும் விசாரித்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கன்சல்டிங் என்பது கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழில். மெக்கின்சி, பாஸ்டன் கன்சல்டிங் குரூப், பெய்ன் என்று மூன்று பெரிய பெயர்கள் உண்டு. டெலாய்ட், இ.ஒய்., கே.பி.எம்.ஜி., பி.டபிள்யூ.சி. போன்ற தணிக்கைக் குழுமங்களிலும் இதற்கான பிரிவுகள் இருக்கின்றன. மெக்கின்சி கம்பெனியை 1926ல் சிகாகோவில் தொடங்கியவர் ஒரு கணக்கியல் பேராசிரியர். காமர்ஸ் படித்தவர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

சரி, எப்போது விண்ணப்பிப்பது? கோடை இன்டர்ன்ஷிப் என்பது எட்டிலிருந்து பத்து வாரம். அதைப் பெரும்பாலும் கடைசி ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் இருப்பவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். அந்தப் பையனோ பெண்ணோ சரியாக வேலை செய்தால், படிப்பு முடிந்ததும் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. நான்கு வருஷ பொறியியலுக்கு அது மூன்றாம் ஆண்டு. மூன்று வருஷ பி.காமுக்கு இரண்டாம் ஆண்டு. நம் பெற்றோர் பலர், "மூணாவது வருஷம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். பி.காம். பிள்ளைக்கு அப்போது பார்ப்பதற்கு அதிகம் மிச்சம் இருக்காது.

இன்னொன்று, வேலை நடப்பது மே மாதம் என்றாலும் ஆள் எடுப்பது மே மாதத்தில் அல்ல. ஐ.ஐ.டி.களில் அடுத்த கோடைக்கான தேர்வு ஆகஸ்ட் வாக்கிலேயே தொடங்கிவிடுகிறது. ஐ.ஐ.எம்.களில் ஜூன், ஜூலையில் சேர்ந்தவர்களுக்கு அக்டோபர், நவம்பரில் கோடை வேலைக்கான நேர்காணல் முடிந்துவிடும். சேர்ந்து நாலைந்து மாதத்தில் எவ்வளவு சாதித்துவிட முடியும்? உள்ளே நுழைவதற்கு முன் செய்ததைக் காட்டித்தான் அங்கே இடம் பிடிக்கிறார்கள். ஆக, மே மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பெரிய இடங்களுக்கு ஆகஸ்டிலிருந்து கண்ணைத் திறந்து வைத்திருங்கள். சின்ன ஆலோசனை நிறுவனங்கள் ஜனவரியிலிருந்து மார்ச் வரைகூட எடுக்கும்.

நான் கவுன்ட்டரில் இருந்த காலத்தில் கல்லூரி விண்ணப்பத்துக்கு டி.டி. எடுக்க வேண்டும். கடைசி நாள், கவுன்ட்டர் மூடப் போகும் நேரத்தில் அப்பாவும் பிள்ளையும் வேர்க்க விறுவிறுக்க ஓடி வருவார்கள். இப்போது டி.டி. இல்லை, ஆனால் அந்தப் பழக்கம் போகவில்லை. பல நிறுவனங்கள் கடைசித் தேதி வரை காத்திருப்பதில்லை, வந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போகின்றன.

அதற்காக முதலாண்டிலேயே பெரிய இடங்களுக்கெல்லாம் போட்டு வை என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். நேர்காணல் வரை போய்த் தோற்றால், பல இடங்களில் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்துத்தான் மறுபடி கூப்பிடுவார்கள். தயாராகாமல் போய் அந்த வாய்ப்பை எரிப்பானேன்? முதலாண்டு மதிப்பெண்ணுக்கும் ஆங்கிலத்துக்கும் எக்செலுக்கும் உரிய காலம். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி வழியாகவே பயிற்சிகள் வருகின்றன. அவற்றை ஒப்புக்குச் செய்யாமல் உருப்படியாகச் செய்தால் போதும்.

இப்போது ஒரு உண்மையான சிக்கலைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணின் அனுமதியோடுதான் சொல்கிறேன், எந்த பிளாக் என்று கேட்காதீர்கள். பி.காம். இரண்டாம் ஆண்டு. புள்ளியியலில் ஒரு அரியர். கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவு, அரியர் உள்ளவர்களின் பெயரைப் பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பாது. "ஒரு வருஷம் தள்ளிப் போடு" என்கிறார் அப்பா. "இப்பவே எல்லா இடத்துக்கும் நேரா அனுப்பிடறேன்" என்கிறாள் பெண். வீட்டில் கல்விக் கடன் இருக்கிறது, அதனால் இரண்டு பேருக்கும் பதற்றம்.

நான் சொன்னது இதுதான். தள்ளிப் போட்டால் அடுத்த மே மாதம் அவள் பட்டதாரி ஆகிவிடுவாள். கோடை இன்டர்ன்ஷிப் கல்லூரிக்குத் திரும்பப் போகிறவர்களுக்கானது. படிப்பு முடித்தவர்களைச் சில இடங்களில் ஆறு மாதத்துக்கு எடுப்பதுண்டு, ஆனால் அதை நம்பி இந்த வருஷத்தை விடக்கூடாது. அதே சமயம், அரியரோடு இப்போதே பெரிய இடங்களுக்கு அனுப்பிப் பயனில்லை. நவம்பர் தேர்வில் அரியரை முடிக்கட்டும். ஜனவரியிலிருந்து சின்ன நிறுவனங்களுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களின் ஆலோசனைப் பிரிவுகளுக்கும் எழுதட்டும். பெரிய பெயர்களை எம்.பி.ஏ.வில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே இந்த இரண்டு மாத அனுபவமே கைகொடுக்கும். கடனைப் பொறுத்தவரை, வங்கிகளின் மாதிரித் திட்டப்படி படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருஷமும் தவணை கிடையாது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். முடிந்தால் வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் இன்னும் அரை மனதாகத்தான் இருக்கிறார். பெண் பதினொரு சின்ன நிறுவனங்களின் பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள்.

அவளுக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு விளம்பரமும் வந்திருந்தது: 18,000 ரூபாய் கட்டினால் கன்சல்டிங் இன்டர்ன்ஷிப், சான்றிதழ் உறுதி. இன்டர்னுக்கு உதவித்தொகை கொடுக்கும் இடம் உண்டு, ஒன்றும் கொடுக்காத இடமும் உண்டு. நம்மிடம் காசு வாங்கிக்கொண்டு வேலை கொடுப்பது இன்டர்ன்ஷிப்பே இல்லை. தயவுசெய்து யாரும் கட்டாதீர்கள்.

குழுவில் சுற்றும் இன்னொன்று பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம். 2024 அக்டோபரில் அது தொடங்கியபோது சொன்ன விதிப்படி வயது 21 முதல் 24 வரை, மாதம் 5,000 ரூபாய், ஒரு வருஷம். ஆனால் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்போது அது இல்லை. இப்போதைய விதியைப் பார்க்காமல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அனுப்பிக் குழப்ப வேண்டாம். சி.ஏ. படிப்பவர்கள் இந்த ஓட்டத்தில் சேரவே வேண்டாம். இன்டர் இரண்டு குரூப்பும் முடித்தால் ஆர்ட்டிகிள்ஷிப் இருக்கிறது. 2023ல் வந்த புதிய முறையில் அது மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்தும் இருக்கிறது.

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. எஃப்-1 விசாவில் போனவர்கள் சி.பி.டி. அனுமதியில் வெளியே இன்டர்ன் வேலை பார்க்க, பொதுவாக ஒரு கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும். முழுநேர சி.பி.டி.யைப் பன்னிரண்டு மாதம் பயன்படுத்திவிட்டால் அந்தப் படிப்புக்கான ஓ.பி.டி. போய்விடும். விண்ணப்பிக்கும் முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

நேர்காணல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கணக்கோடு ஒரு கதை சொல்லி வழி கேட்பார்கள். உதாரணமாக, நம் வாசலில் இஸ்திரி போடுகிறவரின் வருமானம் குறைந்துவிட்டது, ஏன்? 240 வீட்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 80 வீடு துணி கொடுக்கிறது என்று வையுங்கள். வாரம் பதினைந்து துணி, துணிக்கு 10 ரூபாய் என்றால் வாரத்துக்கு 12,000. குறைந்தது வீடுகளா, துணிகளா, விலையா, அல்லது கரிச் செலவு ஏறியதா? வீட்டிலிருந்தே வேலை வந்த பிறகு சட்டை குறைந்திருக்குமா? இப்படிப் பிரித்துப் பிரித்து வாய்விட்டு யோசிக்க வேண்டும். விடையைவிட யோசிக்கும் வழியைத்தான் பார்க்கிறார்கள். இது படித்து வருவதில்லை, எதிரே ஒருவரை உட்கார வைத்துப் பேசிப் பழக இரண்டு மூன்று மாதமாவது வேண்டும். விண்ணப்பத் தேதியிலிருந்து அந்த மூன்று மாதத்தையும் பின்னால் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாலை ஐந்து மணிக்கு நூலக அறையில் இந்தப் பயிற்சியை வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளர் சம்மதித்திருக்கிறார். பயோடேட்டாவை ஒரே பக்கத்தில் அச்செடுத்துக் கொண்டு வாருங்கள். அங்கே ஆறு நாற்காலிதான் இருக்கிறது, ஏழாவது ஆள் வீட்டிலிருந்து ஒன்று எடுத்து வர வேண்டும்.